பாதி அடுப்பு சர்க்காருடையது

கை வண்டியிலிருந்து இறக்கி ரேழியில் வைத்த அடுப்பை அம்மா சுற்றி வந்து பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எதன்மேலும் படாமல், பிரதட்சிணம் செய்வது மாதிரி ஒரு சுற்று. பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று.

சுட்ட மண்ணில் செய்த நீளமான அடுப்பு. விறகு வைக்க முன்னால் ஒரு வாய். பாத்திரம் ஏற்ற மேலே வரிசையாக மூன்று குழி. புகை போக ஒரு சிமென்டுக் குழாய். அது தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றது. உடையாமலிருக்கச் சுற்றி அனுப்பிய வைக்கோல் நனைந்து, ரேழி முழுவதும் மாட்டுக் கொட்டில் வாசனை.

“இதோட முழு விலை எவ்வளவுடி?” என்றாள் அம்மா.

சொன்னேன்.

“நாம எவ்வளவு குடுத்தோம்?”

“பாதிம்மா. மீதிப் பாதி மானியம். ஜனங்கள் புகையில்லாம சமைக்கணும்னு சர்க்காரே போடறது.”

இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். அந்தத் திட்டத்தில்தான் நான் வேலை பார்த்தேன்.

அம்மா யோசித்தாள். “அப்போ பாதி அடுப்பு நம்மளது. பாதி அடுப்பு சர்க்காரோடது.”

“அப்படிச் சொல்லப்படாதும்மா.”

“சரி, எப்படியோ. இதுல எந்தப் பாதியில பெருமாளுக்குத் தளிகை பண்றது?”

நான் பி.எஸ்ஸி. படித்தவள். இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

தளிகை என்பது எங்கள் அகத்தில் சமையலுக்குப் பெயர். எதைச் சமைத்தாலும் முதலில் பெருமாள் அமுது செய்ய, அதாவது சாப்பிட வேண்டும், அப்புறம்தான் நாங்கள். சும்மா கிடைத்த பண்டம் தானம். தானம் வாங்கியதைக் கொண்டு பெருமாளுக்குத் தளிகை செய்யும் வழக்கம் எங்கள் அகத்தில் கிடையாது. முழு அடுப்பும் சும்மா வந்திருந்தால் அம்மா அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். பாதி சும்மா வந்ததுதான் சிக்கல்.

அடுப்பு ரேழியிலேயே நின்றது.

மன்னியின் மூச்சு

நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், “ஊர் ஊராகப் போய் அடுப்பு விற்றீர்களே, உங்கள் வீட்டில் என்ன அடுப்பு?” என்று கேட்டிருக்கிறார். இதே கேள்வியை லால்குடிப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் என்னிடம் கேட்டார்கள். அவர்களிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் அகத்தில் மன்னிக்கு, அதாவது என் அண்ணாவின் மனைவிக்கு, இழுப்பு. கல்யாணமாகி லால்குடியிலிருந்து வரும்போது கிடையாது. ஸ்ரீரங்கத்து விறகும் எங்கள் தளிகையுள்ளின் ஒற்றை ஜன்னலும் சேர்ந்து கொடுத்த சீர் அது. விடியற்காலையில் குளித்து மடியாக உள்ளே போவாள். சாதம் வடிக்கும்போது ஆரம்பித்து, சாற்றமுது, அதாவது ரசம், கொதிக்கும்போது உச்சத்துக்குப் போகும். பழைய ஆர்மோனியத்தை யாரோ மெதுவாக அமுக்குவது போலக் கூடம் வரை கேட்கும்.

அம்மா செய்யலாமே என்றால், முந்திய வருஷம் காவேரிப் படித்துறையில் வழுக்கி விழுந்ததில் அவள் வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. வெண்கலப் பானையைத் தூக்க வராது. நான் செய்யலாம். நான் தளிகை செய்தால் பெருமாளே வெளியூர் கிளம்பிவிடுவார் என்பது அம்மாவின் அபிப்பிராயம்.

தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். “புகையைத் தவிர்க்கணும்” என்றார்.

“புகைகிட்ட சொல்லுங்கோ டாக்டர், என்னைத் தவிர்க்கச் சொல்லி” என்றாள் மன்னி.

டாக்டர் சிரிக்கவில்லை. “இப்படியே விட்டா நெஞ்சு தாங்காதும்மா” என்றார்.

அது லால்குடிக்கு எட்டிவிட்டது. மன்னியின் அப்பா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து உள்ளேயிருந்து வந்த ஆர்மோனியத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். “தை பொறக்கட்டும். இது நிக்கலைன்னா குழந்தையை நான் அழைச்சிண்டு போயிடறேன்” என்றார். காப்பியைத் தொடவில்லை.

அவர் போன பிறகு மன்னி என்னிடம் சொன்னாள். “அங்க மட்டும் என்னடி, எங்கம்மா சூரியன்லயா சமைக்கறா? அதே விறகுதான். போனா ரெண்டு மாசம் உட்கார வெச்சுச் சாதம் போடுவா. மூணாம் மாசம் ஊர் வேற பேர் வெக்கும். தங்கைக்கு வரன் பாக்கறா. அக்கா ஏன் பொறந்தாத்தோட வந்துட்டான்னு கேப்பா. என்ன சொல்லுவா? புகைன்னா?”

ஆக, தை பிறப்பதற்குள் தளிகையுள்ளில் புகை நிற்க வேண்டும். அதை நிறுத்தும் வஸ்து ரேழியில் இருந்தது. அதன் பாதி யாருடையது என்பது தீர்மானமாகவில்லை.

கதர் வேஷ்டியும் வாத்யாரும்

நான் வாதாடாமல் இல்லை. காலேஜில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள்.

“அப்பா வருஷா வருஷம் தள்ளுபடி சமயம் பாத்துத்தானே கதர் வேஷ்டி வாங்கறார்? அந்தத் தள்ளுபடியும் சர்க்கார் காசுதானே?”

“அந்த வேஷ்டிய பெருமாளுக்கா சாத்தினோம்? உங்கப்பாதானே கட்டிண்டார்.”

அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வாத்யார் ஸ்வாமி அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வந்தபோது அம்மா கேட்டாள். அவர் அடுப்பைக் குனிந்து பார்த்தார். குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“ராஜா குடுத்தா தானம். அதுல சந்தேகமில்லை. சர்க்கார் ராஜாவா இல்லையான்னு சாஸ்திரத்துல சொல்லலை” என்றார். தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு, “பாதி விலைக்குத்தானா? எங்காத்துக்கு ஒண்ணு கிடைக்குமா?” என்று என்னைக் கேட்டார்.

“உங்காத்துல எந்தப் பாதியில தளிகை பண்ணுவேள்?” என்றாள் அம்மா.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவசரமில்லை என்று சொல்லிப் போனார்.

வயலுக்குப் போன குழாய்

மன்னார்புரத்தில் எங்கள் ஆபீஸ். அதிகாரி சிவஞானம் சார். வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் நனைத்துப் பேசுவார். மானியத்தைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு.

“பாரும்மா, சும்மா குடுத்தோம்னு வச்சுக்க, பரண்ல தூக்கிப் போடுவாங்க. முழு விலை சொன்னா கிட்டவே வரமாட்டாங்க. பாதி விலைன்னா? நம்ம காசும் போயிருக்கேன்னு ஒரு உறுத்தல், ஊரான் காசும் வந்திருக்கேன்னு ஒரு சந்தோஷம். ரெண்டும் சேர்ந்தாத்தான் அடுப்பு எரியும்.”

எனக்கு அது வேதவாக்கு. அதை மனத்தில் சொல்லிக்கொண்டே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவேன். லால்குடியைத் தாண்டி ஒரு கிராமத்தில் இறங்கி வீடு வீடாகப் போவேன். ஒரு வீட்டில் நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங்க, உங்க வீட்டுல இதுலதான் ஆக்குறீங்களா?”

“எங்க வீட்டுலயும் வாங்கியாச்சுங்க” என்றேன். பொய்யில்லை.

“நாங்களும் வாங்கிட்டமுங்க. போன நடவுக்கே.”

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். “பாக்கலாமா? எங்க இருக்கு?”

“வயல்ல இருக்குங்க.”

அழைத்துப்போய்க் காட்டினாள். மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும் மடையில், வரப்புக்குள் புதைந்து, எங்கள் புகைக் குழாய் பளபளவென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது.

“நண்டு வளை போடாதுங்க. வரப்பு உடையறதே இல்ல. சர்க்காரு ரொம்ப நல்ல சாமான் குடுத்திருக்கு” என்றாள். “அடுப்பு கோழி அடைய வச்சிருக்கோம். குழாய் மட்டும் இன்னும் ரெண்டு கிடைக்குமாங்க?”

சிவஞானம் சாரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “உபயோகத்துலதானே இருக்கு?” என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம்

கார்த்திகை முடிந்து, மார்கழிக் குளிரும் வந்துவிட்டது. குளிரில் மன்னிக்கு இன்னும் அதிகம். அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். மானியமே வேண்டாம், முழு விலையையும் கொடுத்துவிடலாம். அப்போது முழு அடுப்பும் நம்முடையது.

இதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது. ஆபீசில் சொன்னேன். சிவஞானம் சார் மெல்லுவதையே நிறுத்திவிட்டார்.

“முழு விலையா? முழு விலைக்கு விக்க நமக்கு அதிகாரம் இல்லையேம்மா.”

“வேண்டாம்னு சொன்னா, சார்?”

“வேண்டாம்னா அடுப்பத் திருப்பிக் குடுக்கணும். மானியம் இல்லாத அடுப்புன்னு ஒண்ணு நம்ம திட்டத்துலயே கிடையாது.”

என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கமாகப் போயிற்று. நேரில் வந்து பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தளிகையுள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். அந்நிய ஆடவரிடம் நேரே பேசுவதில்லை. நடுவில் நான்.

“முழு விலையும் தரேன்னு சொல்லுடி.”

“முழு விலைக்கு ரசீது இல்லேன்னு சொல்லும்மா.”

“ரசீதே வேண்டாம்னு சொல்லு.”

“ரசீது இல்லாம பணம் வாங்கினா என் வேலை போயிடும்னு சொல்லும்மா.”

இரண்டு பேருக்கும் நடுவில் எட்டடிகூட இராது. நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“சர்க்கார் காசு வேண்டாம்னு சொல்றவாளுக்கு சர்க்கார் என்ன பண்ணும்னு கேளு.”

“அப்படி இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்கம்மா” என்றார் சிவஞானம் சார். என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அப்போது உள்ளேயிருந்து மன்னியின் குரல் வந்தது. சாதத்துக்கும் சாற்றமுதுக்கும் நடுவில் இருந்தாள். என் பெயரில் தொடங்கி, வார்த்தைகளைத் துண்டு துண்டாக வெளியே தள்ளினாள்.

“அம்பு… அவரைக் கேளு… குழாய் மட்டும்… என்ன விலை?”

அவர் விரலை மடக்கினார். “குழாயும் அடுப்பும் ஏறக்குறைய ஒரே விலைதாங்க.”

“அப்போ… அடுப்பு நாம வாங்கினது… குழாய் அவா போட்டதுன்னு… வெச்சுண்டா?”

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அதுவரை நான் பார்க்காத காட்சி அது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா கேட்டாள். “குழாய்க்குள்ள என்ன போகும்னு கேளு.”

“புகை மட்டும்தாங்க.”

“நெருப்பு போகாதே?”

“போகாதுங்க.”

“சாதம், குழம்பு எதுவும் அதுமேல படாதே?”

“அதுபாட்டுக்குச் சுவரோட மேல போயிடுங்கம்மா.”

தளிகையுள்ளில் ஆர்மோனியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்போ சரி” என்றாள். “புகைய அவாளே வெச்சுக்கட்டும்.”

கோலம் நின்ற இடம்

கொத்தனார் வந்து அடுப்பைப் பதித்தார். குழாய் சுவரைத் துளைத்து, கூரை தாண்டி, மொட்டை மாடியில் போய்த் தலை நீட்டியது. தளிகையுள்ளைக் கழுவி, புண்ணியாகவாசனம் செய்து, அம்மா அடுப்புக்குக் கோலம் போட்டாள். செம்மண் கரையும் இழுத்தாள். கோலம் மூன்றாவது குழியைத் தாண்டி வந்து, குழாய் தொடங்கும் இடத்தில் கத்தரித்தாற்போல் நின்றது.

பெருமாள் முதல் குழியில் அமுது செய்தார். எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை.

தையில் மன்னியின் அப்பா வந்தார். மாடியில் தெருவைப் பார்த்துப் புகை விட்டுக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். உள்ளே காதைக் கொடுத்துக் கேட்டார். கரண்டிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. காப்பியைக் குடித்தார். “ஆடியில வந்து இன்னொரு தரம் பாக்கறேன்” என்றார். நம்பிக்கை குறைந்த மனிதர்.

அவருடைய அவநம்பிக்கை வீண்போகவில்லை. தென்னை மட்டையும் ஈர விறகும் எரித்து எரித்து, ஆனி கடைசியில் குழாய் அடைத்துக்கொண்டது. புகை மேலே போகாமல் மூன்று குழி வழியாகவும் உள்ளே திரும்பியது. பழைய அடுப்பாவது ஒரு வழியாகத்தான் புகைந்தது.

“ஆபீஸ்ல சொல்லு. அவா குழாய் அடைச்சிண்டிருக்கு” என்றாள் அம்மா.

சொன்னேன். “சுத்தம் பண்றதுக்கு மானியம் கிடையாதும்மா. வாங்கினவங்கதான் பண்ணிக்கணும்” என்றார் சிவஞானம் சார்.

“நாம குழாயை வாங்கவே இல்லையே” என்றாள் அம்மா.

நானே ஒரு கம்பில் தேங்காய் நாரைக் கட்டிக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். பாதிப் படியில் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“கை வெக்காதே. நம்ம கை பட்டா அது நம்மளது. நம்மளதுன்னா தானம் வாங்கினதா ஆயிடும். அப்புறம் இத்தனை நாள் பெருமாளுக்குப் பண்ணினதெல்லாம் என்ன?”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. குழாயில்தான் இருக்க வேண்டியிருந்தது.

மடிக்கோல்

ஆடி பிறந்து, வெள்ளிக்கிழமை மன்னியின் அப்பா வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வியாழக்கிழமை காலை நான் ஆபீசுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மன்னி, “அம்மா” என்று கூப்பிட்டாள்.

தினமும் அந்த நேரத்தில் அவள் கேட்பது ஒன்றுதான்: “அம்மா, சாத்தமுது இறக்கட்டுமா?” அம்மா மீதி வார்த்தைகளுக்காகக் காத்திருந்தாள். நானும் சீப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

வரவில்லை.

அம்மா எழுந்து போனாள். மன்னி நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. கையில் கரண்டி. அம்மா கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். இடது கையாலேயே ஈயச் சொம்பை இறக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் மாடியிலிருந்து ‘கறக் கறக்’ என்று சத்தம். ஏறிப் பார்த்தேன்.

அம்மா நனைந்த புடவையோடு குழாய்க்கு முன்னால் நின்றாள். கையில் மடிக்கோல். மடிப் புடவைகளைக் கையால் தொடாமல் கொடியில் போடவும் எடுக்கவும் வைத்திருக்கும் மூங்கில் அது. அதை நாங்களே குளிக்காமல் தொட்டால் அன்று சாப்பாட்டில் கை வைக்க முடியாது. அதன் நுனியில் தேங்காய் நாரைக் கட்டிக் குழாய்க்குள் விட்டு, இடது கையால் குத்தி, கோணல் மணிக்கட்டால் அணை கொடுத்து, மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். கரி பறந்து அவள் நெற்றியின் ஸ்ரீசூர்ணக் கீற்றை மூடிவிட்டது. ஆடிக் காற்று மீதியைப் பக்கத்து அகத்து வடகத்தின்மேல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

“மன்னி எங்கே?” என்றாள், நிறுத்தாமல்.

“கீழே.”

“அடுப்புக்கிட்ட நிக்க வேண்டாம்னு சொல்லு. கொட்டறது எல்லாம் உள்ளதான் விழும்.”

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். “அம்மா, அது சர்க்காரோடதாச்சே?” என்றேன்.

“வாங்கிண்டாச்சு.”

“எதை?”

“அவா பாதியையும் நானே வாங்கிண்டாச்சு. உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லிடு. மிச்ச விலையைக் குடுத்துடறேன்னு சொல்லு.” இன்னும் இரண்டு குத்து. “பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

கீழே வந்து மறுபடியும் குளித்தாள். அடுப்பு மூண்டது. புகை வந்த வழி தெரியாமல் மேலே போயிற்று.

மன்னியின் அப்பா லால்குடி பஸ்ஸில் வந்து, சத்திரத்தில் வண்டி மாறி வந்தார். மகளின் துணிகளை வைத்துக்கொள்ளக் காலிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

உள்ளேயிருந்து மன்னி கூப்பிட்டாள். “அப்பா, காப்பி குடிச்சுட்டு இருக்கேளா, இல்லை தளிகை ஆனதும் சாப்பிட்டுட்டே போறேளா, பஸ் எத்தனை மணிக்கு, தங்கையப் பாத்துட்டுப் போனவா ஏதாவது சொல்லியனுப்பினாளா?”

அவர் வாக்கியத்தின் நீளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்த பிறகும் கேட்டார்.

“சாப்பிட்டுட்டே போறேன்” என்றார். மாலையில் காலிப் பெட்டியில் நாலு வாழைக்காய் போட்டு அனுப்பினோம்.

சனிக்கிழமை மன்னார்புரத்தில் சிவஞானம் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“மிச்சப் பாதிக்கு ரசீது இல்லையேம்மா” என்றார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். “அவா வாங்கிக்கலைன்னா அது அவா பாடு” என்றாள்.

மடிக்கோலைப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று, சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று, கரி போகவில்லை. எங்கள் அகத்து மடிப் புடவை எதை எடுத்தாலும் எங்காவது ஒரு கறுப்புக் கீற்று இருக்கும். தெருவில் யாராவது கேட்டால் அம்மா வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தளிகையுள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மன்னி கொதிக்கும் குழம்போடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் போட்ட கோலம் மூன்றாவது குழியைத் தாண்டி, நின்ற இடத்தில் நிற்காமல், அம்மாவுக்குக் கை எட்டிய உயரம் வரை குழாய்மேல் ஏறியிருந்தது.